தலையணைக்குள்ளே ஒரு புத்தகம்!

மெட்ராஸ் கடற்கரைக்கும் பர்மா சர்ச்சுகளுக்கும் என்ன சம்பந்தம்னு யாராவது கேட்டா, தயங்காம ‘1813’னு சொல்லுங்க. அந்த வருஷம் ஜூன் மாசம் அதோனிராம் ஜட்சன், ஆன் என்ற அமெரிக்க மிஷனரி தம்பதி மெட்ராஸில் தவித்துக்கொண்டிருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி கல்கத்தாவில் இருந்து விரட்ட, மொரீஷியஸ் போய், அங்கிருந்து இங்கே வந்தவர்கள். மாட்டினால் இங்கிலாந்துக்கு பார்சல்! கிளம்பத் தயாராக நின்ற கப்பல் ரங்கூன் போகிற கப்பல். ஏறிட்டாங்க.

போனதும் கூட்டம் அலைமோதுச்சுன்னு நினைக்காதீங்க. முதல் பர்மியர் ஞானஸ்நானம் எடுத்தது 1819-ல். ஆறு வருஷத்துக்கு ஒரே ஒருத்தர்! நம்ம அரியர் பேப்பரே பரவாயில்லை, இல்லையா?

1824-ல் பிரிட்டிஷ் - பர்மா போர் வெடித்தது. வெள்ளைக்காரன் என்றாலே உளவாளி என்று ஜட்சனை ஆவா நகரச் சிறையில் அடைத்தார்கள். அவருடைய பைபிள் மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதியை ஆன் ஒரு முரட்டுத் தலையணைக்குள் வைத்துத் தைத்து, சிறைக்கே அனுப்பிவிட்டார். கடைசியில் குப்பையாக வீசப்பட்ட அதை எடுத்துப் பத்திரப்படுத்தியது ஒரு பர்மிய சீடர். 1834-ல் முழு பைபிளும் பர்மிய மொழியில் முடிந்தது.

ஆனா, என் ஓட்டு கோ தா ப்யூவுக்குத்தான். கரென் இனத்துக்காரர். ஒரு காலத்தில் கொள்ளைக்காரர், அப்புறம் கடனுக்கு அடிமை. 1828-ல் ஞானஸ்நானம் எடுத்தவர், காடு மலையெல்லாம் சுற்றித் தன் மக்களிடம் பேசினார். தொலைந்துபோன ஒரு புத்தகத்தை வெள்ளைக்காரத் தம்பி திருப்பிக் கொண்டுவருவான் என்று கரென் மக்களிடம் ஏற்கெனவே ஒரு கதை உண்டு. அப்புறம் கேட்கணுமா? பர்மியரைவிட கரென், கச்சின், சின் மக்களிடம்தான் சர்ச் வேகமாகப் பரவியது. பேச்சு மட்டுமே இருந்த அவர்களுடைய மொழிகளுக்கு மிஷனரிகள் எழுத்தும் உருவாக்கிக் கொடுத்தார்கள். இந்த சபைகளை இணைத்து 1865-ல் உருவான அமைப்புதான் இன்றைய மியான்மர் பாப்டிஸ்ட் கன்வென்ஷன்.

அடுத்த அடி ராணுவத்திடமிருந்து. 1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். மிஷன் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டது. 1966-ல் வெளிநாட்டு மிஷனரிகள் மூட்டை கட்டினார்கள். வெளிநாட்டுக் கை போனால் சங்கமும் போகும் என்பது கணக்கு. உள்ளூர்க்காரர்கள் அதைப் பொய்யாக்கினார்கள். மாணவர் போராட்டத்துக்குப் பயந்து 1996-ல் பல்கலைக்கழகங்களை இழுத்து மூடியது அரசு. பல வருஷம் கிளாஸே இல்லை! அந்த நிலையில், ரங்கூன் இன்செய்னில் உள்ள பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரி, 2000-ல் பாதிரியார் ஆக விரும்பாத மாணவர்களுக்கும் கலைப் பட்டப்படிப்பைத் திறந்தது.

2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு மறுபடி நெருக்கடி. கச்சின் பாப்டிஸ்ட் கன்வென்ஷனின் முன்னாள் தலைவர் ஹ்கலாம் சாம்சன் 2022 டிசம்பரில் மாண்டலே விமான நிலையத்தில் பிடிபட்டார். ஆறு வருஷ தண்டனை. 2024 ஏப்ரலில் பொது மன்னிப்பில் வீடு திரும்பினார்; சில மணி நேரத்தில் மறுபடி கூட்டிட்டுப் போய்ட்டாங்க. ஜூலையில்தான் விட்டார்கள்.