மலைச்சாலையும் மாஸ்டர் சிலிண்டரும்

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே முந்தலைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கும், கம்பத்திலிருந்து கம்பமெட்டுக்கும் ஏறும் சாலைகளும் இத்தன்மையனவே. ஏறும்போது எஞ்சினுக்குச் சோதனை. இறங்கும்போது பிரேக்குக்குச் சோதனை. ஏறும் வழியில் எஞ்சின் சோர்ந்தால் வண்டி நின்றுவிடும். அதனால் பெருங்கேடு இல்லை. இறங்கும் வழியில் பிரேக் சோர்ந்தால் வண்டி நிற்காது. பழைய மோட்டார் வண்டியைப் பேணுவோர் முதலில் உணர வேண்டிய வேறுபாடு இதுவே.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஆட்களுடன் சேர்த்து 1,500 கிலோகிராம் எடையுள்ள ஓர் அம்பாசிடர் வண்டி, போடிமெட்டிலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் கீழே இறங்குகிறது. அப்போது வெளிப்படும் ஆற்றல் முழுவதும் வெப்பமானால், 30 பாகையில் உள்ள 50 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். எஞ்சினும் காற்றும் இதில் ஒரு பங்கைத் தாங்குகின்றன. எஞ்சியதைத் தாங்க வேண்டியவை நான்கு சக்கரங்களின் பிரேக்குகளே. பெட்ரோலை மிச்சப்படுத்தக் கருதி, கியரை விடுவித்து வண்டியை உருள விடுவோர், எஞ்சின் தாங்கும் பங்கையும் பிரேக்கின் தலையில் ஏற்றிவிடுகின்றனர்.

ஓட்டுநரின் கால் அழுத்தம் சக்கரத்தை எவ்வாறு சென்றடைகிறது? அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாப் பக்கங்களுக்கும் சமமாகப் பரவும் என்பது, 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி. பள்ளியில் நீங்கள் படிக்கும் அதே விதிதான். அமெரிக்காவில் 1921இல் வெளிவந்த டூசன்பர்க் வண்டியின் நான்கு சக்கரங்களிலும் இவ்விதியைக் கொண்டே பிரேக் அமைத்தனர். மிதியை அழுத்தியதும் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிஸ்டன் நகர்ந்து பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. அது குழாய்களின் வழியே சென்று, சக்கரத்திலுள்ள சிறு சிலிண்டர்களை விரித்து, பிரேக் ஷூவை டிரம்மோடு அழுத்துகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வாஷரே ஆயிலைத் தப்பவிடாமல் காக்கிறது. ஒரே அறை கொண்ட பழைய மாஸ்டர் சிலிண்டரில் அந்த ஒரு வாஷர் கெட்டால் நான்கு சக்கரங்களும் ஒருங்கே பிரேக்கை இழக்கும். இரண்டு அறை கொண்ட சிலிண்டர்கள் பின்னர் வந்ததன் காரணம் அதுவே.

கேட்டை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. நின்ற வண்டியில் மிதியை ஒரே அழுத்தமாக ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். வெளியே எங்கும் கசிவின்றி மிதி மெல்லக் கீழிறங்கினால், ஆயில் வாஷரைக் கடந்து பின்னே நழுவுகிறது என்பது பொருள். வாஷர் கிட் மட்டும் மாற்றினால் போதாதா எனச் சிலர் கேட்பர். சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால் போதும். துருவினால் குழிகள் விழுந்திருந்தால், அவை புது வாஷரையும் சில நாட்களில் கிழித்துவிடும். அப்போது முழுச் சிலிண்டரையும் மாற்றுவதே முறை.

அம்பாசிடர் வண்டியின் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. ஆதலால் உதிரி உறுப்பைத் தேர்வதில் விழிப்பு வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது உள்விட்டம். பெரிய சிலிண்டர் வலிமை மிக்கது என எண்ணுவது பிழை. கால் தரும் விசை 30 கிலோ. மிதியின் நெம்பு அதனை 5 மடங்காக்கி 150 கிலோ ஆக்குகிறது என்போம். முக்கால் அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 53 கிலோ அழுத்தம் தரும். அதைவிட அரைக்கால் அங்குலம் பெரிய சிலிண்டரில் 39 கிலோவே கிடைக்கும். மிதி கெட்டியாக இருப்பதுபோல் தோன்றும், பிடிப்போ குறையும். எனவே வண்டிக்கு முதலில் இருந்த அளவே வேண்டும்.

அடுத்து, குழாய் பொருந்தும் மரையைப் பார்க்க வேண்டும். அங்குல மரையில் மெட்ரிக் மரையை வலிந்து முறுக்கினால் இரண்டும் கெடும். டிரம் பிரேக்குக்குரிய சிலிண்டர்கள் பலவற்றில், குழாயில் சிறிதளவு அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு உண்டு. அத்தகைய சிலிண்டரை டிஸ்க் பிரேக்குடன் இணைத்தால் பிரேக் விடுபடாமல் உரசி, சூடேறும். கடை அலமாரியில் பல்லாண்டு கிடந்த சிலிண்டர் பார்வைக்குப் புதிதாயினும், அதன் ரப்பர் இறுகியிருக்கலாம்.

இனிப் பொருத்தும் முறை. சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பழைய ஆயிலை எடுத்துவிடுக. அது வண்ணப்பூச்சைக் கெடுக்கும். சிந்தினால் உடனே நீரால் கழுவுக. குழாயைக் கழற்றியதும் அதன் வாயைத் தூய்மையாக மூடுக. புதுச் சிலிண்டரை மேசையின்மேல் பிடியில் பொருத்தி, ஆயில் ஊற்றி, பிஸ்டனை மெல்லத் தள்ளித் தள்ளி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிய பின்னரே வண்டியில் பூட்டுக. தள்ளுகோலுக்கும் பிஸ்டனுக்கும் இடையே, தயாரிப்பாளர் கூறும் சிறு இடைவெளி கட்டாயம் வேண்டும். அது இல்லையேல் ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும். ஓட ஓட பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். பின்னர் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி, ஒவ்வொன்றாக ஏர் எடுக்க வேண்டும். காற்று அமுங்கும், திரவம் அமுங்காது. காற்று எஞ்சியிருந்தால் மிதி பஞ்சுபோல் அமுங்கும்.

ஊற்றும் ஆயிலும் முக்கியம். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் ஊதிப் பாழாகும். டாட் 3 வகைப் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய நிலையில் அதற்குரிய வரம்பு 140 பாகையே. நீண்ட இறக்கத்தில் சக்கரச் சிலிண்டரில் ஆயில் கொதித்து ஆவியானால், ஆவியும் காற்றைப்போல் அமுங்கும். மிதி தரையைத் தொடும். ஆகவே இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் ஆயிலை மாற்றுவது நன்று.

வேலை முடிந்ததும் நேரே மலைக்குப் புறப்படலாகாது. முன்சொன்ன ஒரு நிமிடச் சோதனையைச் செய்து, இணைப்புகளில் கசிவு பார்த்து, தேனிச் சமவெளியில் ஆளில்லாச் சாலையில் மெல்ல ஓட்டிப் பலமுறை நிறுத்திப் பாருங்கள். சக்கரங்களைத் தொட்டு, எதுவேனும் மிகுதியாகச் சுடுகிறதா எனவும் அறிக. கை பிரேக் கம்பி வடத்தால் இயங்குவது, ஆயிலை நம்பி இருப்பதன்று; அதனையும் சீராக வைத்திருங்கள். அதன்பின் மலையேறலாம். இறங்கும்போது, எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள்.