ஒரே பெட்டி, ரெண்டு சூடு

தாமல்ல எங்க அக்கா, குடலை இட்லித் துண்டை எவர்சில்வர் தட்டோட மைக்ரோவேவ்ல வெச்சுட்டாங்க. படபடன்னு தீப்பொறி! உடனே அணைச்சுட்டாங்க. "ஏன்டா, நேத்து இதே பெட்டியிலதானே அலுமினிய டின்ல கேக் சுட்டேன்?"னு கேட்டாங்க. நியாயமான கேள்வி.

அவங்களோடது கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ். ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு அடுப்பு.

மைக்ரோவேவ் முறையில, நுண்ணலைகள் முக்கியமா உணவுல இருக்கிற தண்ணியைத்தான் சூடாக்கும். உலோகத்துக்குள்ள அது போகாது. மெல்லிய விளிம்புல மின்னழுத்தம் கூடி பொறி பறக்கும். சேலை ஜரிகை மாதிரி தங்கக்கோடு போட்ட பீங்கான் தட்டும் ஆகாது.

கன்வெக்‌ஷன் முறையில, ஹீட்டரும் விசிறியும் காத்தை 180, 200 டிகிரிக்குச் சூடாக்கும். அங்க அலுமினிய டின் சரி. ஆனா பிளாஸ்டிக் டப்பா, 'மைக்ரோவேவ் சேஃப்'னு போட்டிருந்தாலும், உருகிடும்.

ரெண்டும் சேர்ந்து ஓடுற காம்பினேஷன் முறையில, சூடு தாங்குற கண்ணாடிப் பாத்திரம்தான் நல்லது.

கன்வெக்‌ஷன் ஓடி முடிஞ்சா, பெட்டி ஆறுற வரைக்கும் பிளாஸ்டிக்கை உள்ள வைக்காதீங்க. 16 ஆம்பியர் பாயின்ட்லயே மாட்டுங்க. உள்ள தீ பிடிச்சா கதவைத் திறக்காதீங்க. காத்து கிடைச்சா தீ பெருசாகும். முதல்ல சுவிட்சை அணைங்க.

இப்ப அக்கா, பாத்திரத்தை எடுக்கிறதுக்கு முன்னாடி எந்த முறைன்னு பார்க்கிறாங்க. அதுபோதும்.