அடையாற்றங்கரையில் பிரெஞ்சுக்காரர்

பிரெஞ்சு நாட்டின் மேற்கே, கரோன் என்னும் ஆற்றின் கரையில் போர்தோ என்றொரு பழம்பெரும் நகரம் இருக்கிறது. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். பல நூற்றாண்டுகளாக அங்கிருந்து மதுப் பீப்பாய்கள் கப்பலேறி வந்திருக்கின்றன. அத்தகைய ஊர்களைப் பார்த்து வந்தவர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, "நாமெல்லாம் எப்போது போவது?" என்று நமது அங்கத்தினர் சிலர் கேட்டதுண்டு. போர்தோவுக்குப் போக நமக்கு வசதியில்லை. ஆனால் பிரெஞ்சுக்காரர் ஆசைப்பட்டுப் பிடித்து, பட்டினி கிடந்து காத்து, கடைசியில் இழந்துபோன ஆற்றங்கரை ஊர் ஒன்று மயிலாப்பூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலையில் நாம் ஐவர் அங்கே சென்று வந்தோம்.

சாந்தோமில் முதலில் கண்ணில் படுவது தேவாலயத்தின் வெண்மையான கோபுரம். இப்போதுள்ள கட்டடம் 1896ஆம் ஆண்டில் எழுந்தது. அதற்கு முன்பே போர்த்துகீசியர் இங்கே குடியேறி மதில் கட்டி வாழ்ந்தனர். 1662இல் கோல்கொண்டா சுல்தானின் படை அவர்களிடமிருந்து ஊரைக் கைப்பற்றியது. பத்தாண்டு கழித்து, 1672 ஜூலையில், தெலாஹே என்ற தளபதியின் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து ஊரைப் பிடித்தன. கோல்கொண்டாவின் படை தரையிலும், டச்சுக்காரர் கடலிலுமாக முற்றுகையிட்டனர். உணவு தீர்ந்து 1674 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சரணடைந்தனர். அந்த மதிலில் ஒரு கல்லாவது மிஞ்சியிருக்குமா என்று தெருத்தெருவாகத் தேடினோம். நமக்கு ஒன்றும் அகப்படவில்லை. சாந்தோம் கைநழுவிப்போகும் தறுவாயில்தான் பிரான்சுவா மார்த்தன் புதுச்சேரியில் காலூன்றினார். இந்த ஊர் நிலைத்திருந்தால் புதுச்சேரியின் கதையே வேறாக இருந்திருக்கலாம் என்பது நமது அபிப்பிராயம்.

இத்தனை கப்பலும் சேனையும் எதற்காக? அங்கத்தினர்கள் அறிய வேண்டியது இதுதான்: துணிக்காக. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியும், அதன்மேல் தீட்டிய மங்காத சாயமும் ஐரோப்பாவைக் கிறங்கச் செய்திருந்தன. கிறக்கம் மிகுந்து, பிரெஞ்சு நாட்டுப் பட்டு நெசவாளரும் கம்பளி நெசவாளரும் பிழைப்புப் போயிற்று என்று கூக்குரலிட்டதால், 1686இல் அந்நாட்டு அரசர் இந்தியச் சாயத்துணி வருவதையே தடைசெய்தார். அதைப் போல அங்கேயே அச்சடிப்பதும் கூடாதென்றார். 1759 வரை, எழுபது ஆண்டுகளுக்கு மேல், அத்தடை நீடித்தது. தடையை மீறி உடுத்தியவர் ஏராளம். மச்சிலிப்பட்டினம் முதல் நாகப்பட்டினம் வரை குழித்தறியில் காலை வைத்து உட்கார்ந்திருந்த நம் முன்னோரின் கைத்திறத்துக்கு அஞ்சி ஒரு பேரரசு சட்டம் செய்தது!

தெற்கே நடந்து பட்டினப்பாக்கம் தாண்டினால் அடையாற்றின் கழிமுகம். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தனர். பிடித்ததும் ஆர்க்காட்டு நவாபிடம் ஒப்படைப்பதாகச் சொல்லியிருந்த டூப்ளே அப்படிச் செய்யவில்லை. சினங்கொண்ட நவாப் தம் மகன் மாபூஸ்கானை அனுப்பினார். ஐப்பசி மழைக்காலத்தில், இப்போது குயிபிள் தீவு என்று வழங்கும் இடத்தை ஒட்டி, ஆற்றின் வடகரையில் பீரங்கிகளுடன் 10,000 பேர் நின்றனர். தென்கரைக்குப் பாரடி என்பவரின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படையில் சிப்பாய்களையும் சேர்த்து ஆயிரம் பேர் அளவே, பீரங்கியும் கிடையாது. ஆனாலும் ஆற்றில் இறங்கி நடந்து கரையேறி, வரிசையாக நின்று சுட்டு, எதிரிகளைச் சாந்தோம் தெருக்களுக்குள் விரட்டினர். அந்தக் காலத்து நடப்புகளைப் புதுச்சேரியில் இருந்தபடி நாட்குறிப்பில் பதிந்த ஆனந்தரங்கப் பிள்ளை நம் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர்; தாமும் துணி வாணிபம் செய்தவர். 1748ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பிற்று. மறு ஆண்டே அவர்கள் சாந்தோமையும் சேர்த்துக்கொண்டனர்.

போர் நடந்த பக்கத்தில் இன்று கல்லறைத் தோட்டமும் குடியிருப்புகளும் உள்ளன. அருகே, 2011இல் திறந்த தொல்காப்பியப் பூங்காவின் 58 ஏக்கரில் மரங்களும் நீர்ப்பறவைகளும் இருக்கின்றன.

நிழல் பார்த்து அமர்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். உடன் வந்த கம்பம் பள்ளத்தாக்கு அங்கத்தினர் பன்னீர்த் திராட்சை பயிரிடுபவர். துணிக் கதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதிருக்கட்டும் ஐயா, அந்த நாட்டில் திராட்சை போட்டவனுக்கு என்ன கிடைத்தது?" என்றார். நியாயமான கேள்வி. தெற்குப் பிரான்சில் மரோசான் என்ற சிற்றூரில் வியாபாரிகள் சொன்ன விலைக்கே மதுவை விற்றுத் தேய்ந்துபோன பயிர்க்காரர்கள் 1901இல் ஒன்றுகூடிக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். பாரிசிலுள்ள நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு நேரே விற்றனர். 1904இல் நம் திருவல்லிக்கேணியில் நுகர்வோர் சங்கம் பிறந்தது. நெசவாளருக்கென மாநில அளவில் சங்கம், இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று நாம் அறிவது, 1935 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சாந்தோமுக்காகச் சண்டையிட்ட நாட்களில் நெசவாளி கண்டதெல்லாம் தரகர் கொடுத்த முன்பணமும், அதைத் தீர்க்க நெய்த துணியுந்தான். தளபதிகளின் பெயர்களைப் புத்தகங்களில் படிக்கிறோம். அந்தத் துணியை நெய்த ஒருவரது பெயரைக்கூட நாம் அன்று முழுவதும் எங்கும் காணவில்லை.

ஆகையால் திரும்பும்போது பசுமைவழிச் சாலை நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினோம். கூவம் வளைந்து சுற்றும் அந்த இடத்தில், 1734இல், சுங்குராமரின் தோட்டமாக இருந்த நிலத்தில், ஆங்கிலக் கவர்னர் பிட் நெசவாளரையும் நூற்பவரையும் குடியேற்றினார். சின்னத் தறிப்பேட்டை என்பதே இப்பெயராயிற்று என்பர். மீன் சந்தையின் இரைச்சலைக் கடந்து நான்கைந்து தெருக்களில் நடந்தோம். தறியோசை கேட்கவில்லை. எங்களுடன் வந்திருந்த முதிய நெசவாளர் மட்டும் நிலையத்தின் பெயர்ப் பலகைக்குக் கீழே சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் வண்டி ஏறினார்.