பள்ளத்தில் விழுந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் வருமா?



ஆடு, மாடு வாங்கக் கடன் கேட்டதுபோல இப்போது ஸ்கூட்டி வாங்கவும் குழுவில் கடன் கேட்கிறார்கள். பால் சொசைட்டிக்கு, தையல் வேலைக்கு, பிள்ளைகளைப் பள்ளியில் விட என்று எல்லாவற்றுக்கும் வண்டி தேவைப்படுகிறது. ஆனா நம்ம ரோடு இருக்கிற லட்சணம் தெரிந்ததுதான். மழைத்தண்ணீர் நின்றால் பள்ளம் எது, மேடு எது என்று தெரியாது. திடீரென்று நாய் குறுக்கே வரும். வெள்ளைக்கோடு போடாத வேகத்தடை வேறு.

இப்படி விழுந்து வண்டி உடைந்தால் இன்சூரன்ஸில் பணம் வருமா? வரும். ஆனால் எல்லாப் பாலிசிக்கும் வராது. கூட்டங்களில் இதைக் கேட்டால், "அஞ்சு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டியாச்சு மேடம்" என்ற பதில்தான் அதிகம் வருகிறது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வண்டிக்கு 5 வருட இன்சூரன்ஸ் கட்டாயம். அந்த 5 வருடம் 'தேர்டு பார்ட்டி'க்கு மட்டும்தான். அதாவது, நம் வண்டியால் அடுத்தவருக்கு அடிபட்டாலோ, அவர் பொருள் சேதமானாலோ கொடுக்கும் பணம். நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு 'ஓன் டேமேஜ்' என்று தனியாக உண்டு. பெரும்பாலும் அது முதல் வருடத்தோடு முடிந்துவிடும். பாலிசியில் இரண்டுக்கும் தனித்தனி தேதி அச்சடித்திருக்கும். நாம்தான் பார்ப்பதில்லை.

ஓர் உறுப்பினரின் வண்டி பள்ளத்தில் இறங்கி முன் ஃபோர்க் வளைந்துவிட்டது. வண்டி வாங்கி இரண்டாவது வருடம். பாலிசி இருந்தும் ஒரு பைசா வரவில்லை. உள்கடன் வாங்கித்தான் ரிப்பேர் செய்தார், வட்டியும் சேர்ந்தது.

2019 செப்டம்பர் முதல் ஓன் டேமேஜ் பாலிசியைத் தனியாகவே வாங்கலாம். தேதி விட்டுப்போயிருந்தால் வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் பாலிசி கொடுப்போம் என்று கம்பெனி சொல்லலாம்.

ஓன் டேமேஜ் இருந்தால் பள்ளம், மாடு, சாய்ந்த மரம், வெள்ளம் எல்லாம் அதில் அடங்கும். டயர் மட்டும் கிழிந்தால் வராது. வண்டியும் சேர்ந்து அடிபட்டிருக்க வேண்டும். அப்போதும் டயருக்கும் பிளாஸ்டிக் பாகங்களுக்கும் பாதிவிலைதான் கிடைக்கும். தேய்மானத்துக்குக் கிடையாது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் பேச்சே இல்லை. எல்.எல்.ஆர். மட்டும் வைத்துக்கொண்டு தனியாக ஓட்டுவதும் அப்படித்தான்.

விழுந்த அன்றே கம்பெனிக்குப் போன் செய்யுங்கள். பள்ளமும் வண்டியும் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். கம்பெனி ஆள் பார்க்கும்வரை மெக்கானிக்கிடம் பிரிக்க விடாதீர்கள். அடியில் அடிபட்டு ஆயில் ஒழுகினால், "வீடு பக்கம்தானே" என்று ஓட்டிவராதீர்கள். அதனால் இன்ஜின் பிடித்துக்கொண்டால் அந்தச் செலவைக் கம்பெனி ஏற்காது. சின்னக் கீறலுக்கு கிளெய்ம் போடாமல் இருப்பதே லாபம். ஒரு வருடம் கிளெய்ம் இல்லை என்றால் அடுத்த ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20 சதவீதம் குறையும். கிளெய்ம் போட்டால் அந்தச் சலுகை போய்விடும். நியாயமான கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் தீரவில்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

வண்டியை விடுங்கள், ஓட்டுகிறவருக்கு? லைசென்ஸ் உள்ள உரிமையாளருக்கு 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. அதற்கும் முடிவுத் தேதி தனி. உயிரிழப்பு, கை, கால், கண் போவது, நிரந்தர முழு ஊனம் ஆகியவற்றுக்குத்தான் அது வரும். ஆஸ்பத்திரி பில்லுக்கு வராது. முக்கியமான விஷயம், அது ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்குத்தான். பல வீடுகளில் கடன் நம் பேரில், தவணை கட்டுவதும் நாம், ஓட்டுவதும் நாம், ஆர்.சி. மட்டும் வீட்டுக்காரர் பேரில்! அப்படி இருந்தால் நமக்கு அடிபடும்போது அந்த 15 லட்சத்தில் நமக்கு ஒன்றும் இல்லை. இனி குழுக்கடனில் வாங்கும் வண்டியை ஓட்டப்போகிறவர் பேரிலேயே பதிவு செய்யுங்கள் என்று நாங்கள் எல்லாக் குழுக்களிலும் சொல்லி வருகிறோம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஆர்.சி., பாலிசி இரண்டையும் எடுத்து வாருங்கள். மூன்று தேதியையும் சேர்ந்தே பார்த்துவிடலாம்.