பழைய கார்ல குற்றாலமா? டைமிங் பெல்ட்டைக் கவனிங்க!

ஜூன் வந்தா சாரல். செகண்ட் ஹேண்ட் சான்ட்ரோ, நாலு ஃப்ரெண்ட்ஸ், தென்காசி வழியா குற்றாலம்! கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: டைமிங் பெல்ட் எப்போ மாத்தினது?

கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று. இந்தக் கணக்கைக் காப்பாற்றுவது பல் வைத்த ரப்பர் பெல்ட். ஓடும்போது அது அறுந்தால் வால்வுகள் அப்படியே நின்றுவிடும். பிஸ்டன் உடனே நிற்காது. பல இன்ஜின்களில் இரண்டும் மோதி வால்வு வளைந்துவிடும். பெல்ட்டோட முடிய வேண்டிய செலவு, ஹெட்டைக் கழற்றும் வேலையாகிவிடும்.

பெல்ட் பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்லாது. பழைய 2.5 லிட்டர் டீசல் இன்னோவாவில் அதற்கென்றே விளக்கு எரியும். மற்ற கார்களில் மேனுவல்தான் வழி. அதில் சொன்ன கிலோமீட்டர், வருஷம் இரண்டில் எது முதலில் வருதோ, அப்போ மாத்திடணும். ஓடாம நின்னாலும் ரப்பர் பழசாகும். பழைய ஓனரிடம் பில் இல்லையா? மாத்தவே இல்லைன்னு வெச்சுக்கோங்க.

மாத்தும்போது டென்ஷனர், ஐட்லர் பேரிங், அதே பெல்ட்டில் சுழலும் வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்து மாத்துவது நல்லது. குறிகளை ஒத்து வைத்து, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்க. ஒரு பல் தப்பினாலும் டைமிங் போச்சு!

தென்காசியில் மெக்கானிக் கிடைப்பார். ஆனா வளைஞ்ச வால்வை மாத்தி முடிக்கிறதுக்குள்ள உங்க லீவு முடிஞ்சிடும்.