ஈயும் ஒரு பாடம்தான்

மஞ்சக்குப்பத்தில் அறிவியல் கற்பிக்கும் நான், நாமக்கல் முட்டையிலிருந்தே இப்பாடத்தைத் தொடங்குவேன். சத்துணவு முட்டைக்குக் கோழிப்பண்ணை வேண்டும். ஆனால் ஈயும் நாற்றமும் தாங்காமல் பக்கத்து ஊரார் பண்ணையை எதிர்ப்பதும் நியாயமே.

கூண்டுகளின் கீழே குவியும் எச்சம் ஈரமானால் ஈக்கள் அதில் முட்டையிடும். வெயில் காலத்தில் ஏறத்தாழ பத்து நாளில் புதிய ஈக்கள் பறக்கும். எச்சத்திலுள்ள யூரிக் அமிலம் சிதைந்து அம்மோனியா வெளியேறும். எச்சம் உலர்ந்திருந்தால் இரண்டும் குறையும்.

பெரிய பண்ணைகள் 1974 நீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம் ஆகியவற்றின்படி மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை பெற வேண்டும்.

ஈயின் வாழ்க்கைச் சுழற்சியை மாணவர்களை வரையச் சொல்லி, “எந்த நிலையில் தடுக்கலாம்?” என்று கேளுங்கள். “கசியும் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யுங்கள், எச்சத்தை உலர்த்துங்கள்” என்று காரணத்தோடு கிராமசபையில் கேட்கத் தெரிந்த குடிமகன் அங்கே உருவாகிறான்.