குளிர்காலக் கார்ப் பயணம்: புறப்படுமுன் இருவரும் செய்ய வேண்டியவை

நவம்பர் முதல் பிப்ரவரி வரை, பணி ஓய்வு பெற்ற தம்பதியர் பலர் தங்கள் காரிலேயே நெடும்பயணம் மேற்கொள்கின்றனர். தில்லியில் தொடங்கி ஜெய்ப்பூர், உதய்ப்பூர், அகமதாபாத், மும்பை, புனே, பெங்களூரு வழியாகச் சென்னையை அடையும் தேசிய நெடுஞ்சாலை 48 அவர்களுக்கு நன்கு அறிமுகமானது. வழியில் உள்ள ஊர்களில் பழைய அலுவலகத் தோழர்களைச் சந்திப்பதும், கட்ச் வெண்பாலையில் சில குடும்பங்கள் ஒன்றுகூடுவதும் இப்பருவத்தின் மகிழ்ச்சிகள்.

இத்தகைய பயணத்துக்குப் பணம் இருந்தால் மட்டும் போதாது; அதை இருவராலும் எடுக்க இயல வேண்டும். பல இல்லங்களில் கணக்கு, கைப்பேசி, ரகசிய எண் ஆகிய அனைத்தும் ஒருவர் பொறுப்பிலேயே உள்ளன. அறிமுகமற்ற ஊரில் அவரே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், முன்பணம் கட்ட மற்றவருக்கு வழியிருக்காது.

கணக்கை யார் இயக்கலாம்?

கூட்டுக் கணக்கு என்பதாலேயே இருவரும் பணம் எடுத்துவிட இயலாது. ‘எய்தர் ஆர் சர்வைவர்’ முறையில் இருவரில் எவரும் கணக்கை இயக்கலாம். ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ முறையில் முதலாமவர் உயிருடன் உள்ளவரை அவர் மட்டுமே இயக்க இயலும். ‘ஜாயின்ட்லி’ எனில் இருவர் கையொப்பமும் தேவை. உங்கள் கணக்கு எவ்வகை என்பதைக் கிளையில் கேட்டறியுங்கள். நியமனதாரராக இருப்பது வேறு. கணக்குதாரர் உயிருடன் இருக்கையில் நியமனதாரருக்குப் பணம் எடுக்கும் உரிமை இல்லை.

நிலையான வைப்புத்தொகையில் மேலும் கவனம் தேவை. ‘எய்தர் ஆர் சர்வைவர்’ வைப்பாக இருந்தாலும், முதிர்வுக்கு முன் முறிக்கப் பொதுவாக இருவர் கையொப்பமும் கேட்கப்படும். ஆகவே, அவசரத் தேவைக்கான ஒரு தொகையைச் சேமிப்புக் கணக்கிலேயே வைத்திருப்பது நல்லது.

ரகசிய எண்ணை வாழ்க்கைத் துணையிடம் சொல்லிவைப்பது தீர்வன்று. இருவருக்கும் தனித்தனி டெபிட் கார்டும், தனித்தனி ரகசிய எண்ணும், வங்கியில் பதிவான கைப்பேசி எண்ணும் இருத்தல் வேண்டும்.

ஓய்வூதியம்

உயிர்வாழ் சான்றினை ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் அளிக்க வேண்டும். 80 வயது நிறைந்த மத்திய அரசு ஓய்வூதியர் அக்டோபர் 1 முதலே அளிக்கலாம். பயணத்தில் இருப்பவர்கள் ஓய்வூதியம் பெறும் வங்கியின் எந்தக் கிளையிலும் இதனைச் செலுத்தலாம். ‘ஜீவன் பிரமாண்’ வழியே, கைப்பேசியில் முகத்தைக் காட்டியும் அளிக்கலாம்.

சாலையில்

சுங்கச்சாவடியில் செல்லத்தக்க ஃபாஸ்டேக் இல்லையெனில், யுபிஐ வழியே செலுத்துவோர் 1.25 மடங்கு கட்ட நேரிடும். 2025 ஆகஸ்ட் 15 முதல் ஓராண்டு அல்லது 200 பயணங்களுக்கான ஆண்டு அட்டை தனியார் கார்களுக்கு வழங்கப்படுகிறது; தொடங்கியபோது அதன் கட்டணம் ரூ.3,000. இது தேசிய நெடுஞ்சாலைகளிலும் தேசிய விரைவுச்சாலைகளிலும் மட்டுமே செல்லும். மாநில அரசுகளின் சாலைகளில் வழக்கமான கட்டணம் உண்டு. நெடுஞ்சாலை உதவிக்கு 1033. டிசம்பர், ஜனவரியில் வடமாநிலங்களில் காலைப் பனிமூட்டம் விலகிய பின் புறப்படுவதே பாதுகாப்பு.

மருத்துவம்

காப்பீட்டு அட்டையின் படம் இருவர் கைப்பேசியிலும் இருக்கட்டும். 70 வயது நிறைந்தோர், வருமான வரம்பின்றி, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரையிலான சிகிச்சைக்குப் பதிவு செய்துகொள்ளலாம்.

நண்பர்கள் கூடும் இடத்தில்

விருந்துச் செலவைப் பகிரும்போது ஒன்றை நினைவிற்கொள்க: பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையில்லை. அதனைக் கேட்கும் எந்தக் கோரிக்கையும் உங்கள் பணத்தை எடுப்பதற்கானது. நண்பரின் பெயரில் அவசர உதவி கேட்டுச் செய்தி வந்தால், அவரிடம் பேசி உறுதி செய்த பின்னரே அனுப்புங்கள். ஏமாற்றப்பட்டால் 1930 என்ற எண்ணையும் வங்கியையும் உடனே அழையுங்கள். பயணப் படங்களை வீடு திரும்பிய பின் வெளியிட்டால், பூட்டிய வீட்டைப் பற்றிப் பிறருக்குத் தெரியாது.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, வழக்கமாகப் பணம் கையாளாதவர் தம் அட்டையால் ஒருமுறை பணம் எடுத்து, தம் கைப்பேசியால் ஒருமுறை செலுத்திப் பார்க்கட்டும். தடை ஏதும் நேர்ந்தால் இருவருமாகக் கிளைக்கு வாருங்கள். சரிசெய்து தர நாங்கள் காத்திருக்கிறோம்.